பக்கத்துக்கு ஏழு சென்

கறுப்பில்தான் அச்சடிக்கச் சொன்னேன்.
மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்கிறது.
இரவு பதினொன்றே கால்.
துணி துவைக்கும் மெஷின் மேல் குந்திக்கொண்டு
ஆரஞ்சு விளக்கை மினுக்குகிறது,
தட்டினாலும் அசையவில்லை.

பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள்
ஞாயிறு காலை ஒன்பதுக்குத்
தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு வரலாம்,
கட்டணம் இல்லை.
இதில் மஞ்சளுக்கு என்ன வேலை?

யோகேஸ்வரி முன்பே கணக்கு அனுப்பியிருந்தாள்.
மைப்பெட்டி ஐம்பத்திரண்டு வெள்ளி.
நூற்றெண்பது பக்கம் வரும் என்று அட்டை சொல்லும்,
நூற்றிருபது வந்தால் கும்பிடலாம்.
லியூ கடையில் பக்கம் பத்து சென்,
இருநூறைத் தாண்டினால் ஏழு.
கடைசி வரி:
"அது பிரிண்டர் இல்லக்கா, நீங்க தத்தெடுத்த பிள்ளை."

சிரித்தேன். பதில் போடவில்லை.

போன வருஷம் டெங்கிக்கு முந்நூறு தாள்
லியூ கடையில்தான் அடித்தோம்.
போன் நம்பரில் ஓர் எட்டு மூன்றாகிப்போய்
தஞ்சோங் மாலிமில் ஒரு டயர் கடையில் மணி அடித்தது.
நாலு நாள் அந்த மனுஷன்
பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்:
இங்கே கொசு இல்லம்மா, டயர்தான் இருக்கு.
அன்றைக்கு ராத்திரி
முந்நூறு குட்டி நம்பர்களைத் துப்பியது
இதே பிள்ளைதான்.
நானும் என் வீட்டுக்காரரும்
கத்தரியும் கோந்துமாக விடியவிடிய உட்கார்ந்தோம்.
அந்தக் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை,
யோகேஸ்வரியும் கேட்கவில்லை.

காலையில் லியூ கடை.
நாலு நம்பர் கடைக்கும் கிளினிக்குக்கும் நடுவில்
பாதி திறந்த இரும்புக் கதவு.
கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒரு பக்கம்,
நேற்றுச் செத்த யாரோ ஒரு பெரியவர்
இருபது பிரதியாக மறுபக்கம்.
லியூவுக்குத் தமிழ் வராது.
தாளைத் தலைகீழாகப் பிடித்து
"எழுத்து அழகு" என்றார் மலாயில்.
நான் நம்பரை மூன்று தடவை படித்தேன்.
எட்டு எட்டாகவே இருந்தது.

பெரிய மெஷின் ஓடத் தொடங்கினால்
சிலிம் ரிவரில் பாதிக்குக் கேட்கும்.
முதல் தாள் கோணலாக வந்தது, ஓரமாக வைத்தார்.
பின்னால் வரிசையில் நின்ற பெண்,
செம்பனை ஆலைச் சட்டை, கையில்
லேமினேட் செய்ய யாருடைய சான்றிதழோ,
அந்தக் கோணல் தாளை எடுத்தாள்.
விரல் வைத்துப் படித்தாள்.
"பெரிய ஆளுங்களுக்கும் செய்வாங்களா?"
"எத்தனை வயசு?"
"இருபத்தாறு."
"யாருக்கு?"
தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.
"சும்மா கேட்டேன்."

இருநூற்றைம்பது தாள்,
பதினேழரை வெள்ளி. சூடாக இருந்தன.
இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.
திரும்பும் வழியில்
மஞ்சள் மை வாங்கினேன்.
யோகேஸ்வரியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
இருபது பேர் வருவார்கள் என்று
நாற்பது படிவம் வைத்திருந்தோம்.
பதினொன்றரைக்கு ஒன்றும் மிச்சமில்லை.
ஞாயிறு லியூ கடை அடைப்பு.
வீட்டுக்கு ஓடினேன்.
பிள்ளை இருமியது, செருமியது,
ஒவ்வொன்றாக ஆறு படிவம் கொடுத்தது.
ஆறாவதில் கோடு விழுந்திருந்தது,
பெயர் எழுதும் கட்டத்தின் குறுக்கே
வெள்ளையாக.

அவள் கடைசியில் வந்தாள்.
அதே ஆலைச் சட்டை, தனியாக.
"இது சரியா வரல, வேற அடிச்சித் தரேன்" என்றேன்.
பேனாவைத் திறந்துவிட்டிருந்தாள்.
கோட்டின் மேலேயே
எழுதத் தொடங்கினாள்.